செல்ஃப் எடுக்கலை! – கிளட்சும் ஸ்டார்ட்டரும் குடியிருக்கும் ஒரே சக்கரத்தின் கதை

கிளட்ச் பிளேட் மாற்றிக்கொண்டு வந்த மறுநாளே வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது பட்டறைகளில் ரொம்பப் பழைய சண்டை. மதுரையில் காளவாசல் பக்கமோ சிம்மக்கல் பக்கமோ எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் வசனம் மனப்பாடமாக இருக்கும்.

“கிளட்சைத்தானப்பா மாத்தச் சொன்னேன்? செல்ஃபை என்ன பண்ணித் தொலைச்ச?”

“அண்ணே, கிளட்சுக்கும் செல்ஃபுக்கும் சம்பந்தமே இல்லண்ணே. பழைய மோட்டாரு, அதுவா போயிருச்சு. புதுசு போட்டுருவோம்.”

கிளட்சுக்கே கையைக் கடித்திருக்கும். இப்போது அதற்கு மேல் ஒரு மோட்டார் செலவு. டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவர் என்றால் வண்டி நின்ற நாட்களின் வருமானமும் போச்சு. புது மோட்டார் போட்ட பிறகும் அதே ‘டக்’ சத்தம் மட்டும் வந்தால் அடுத்த சண்டை ஆரம்பம். சில சமயம் உண்மையான காரணம் இறுக்காமல் விட்ட ஒரே ஒரு போல்ட்டாக இருக்கும்.

இதில் ‘சம்பந்தமே இல்லை’ என்கிற வார்த்தைதான் தப்பு. கிளட்சும் ஸ்டார்ட்டரும் ஒரே சக்கரத்தில் ஒண்டுக்குடித்தனம் செய்கிற இரண்டு குடும்பங்கள். எப்படி ஒரே வீட்டுக்குக் குடிவந்தன என்பது நூற்றுச் சொச்சம் வருஷத்துக் கதை. அதில் ஒரு பகுதி மதுரையின் கதையும்கூட.

முதலில் அந்த வீட்டைப் பார்த்துவிடுவோம். இஞ்சினின் பின்பக்கம் கனமான ஒரு இரும்புச் சக்கரம் இருக்கும், ஃப்ளைவீல். இஞ்சின் விட்டுவிட்டு வெடிக்கும்போது உண்டாகும் உதறலைச் சமன் செய்வதுதான் அதன் ஆதி வேலை. அதன் தட்டையான முகத்தில் கிளட்ச் பிளேட்டும், அதை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் உட்கார்ந்திருக்கும். அதே சக்கரத்தின் விளிம்பில் சுற்றிலும் பல் வைத்த வளையம் ஒன்று, ரிங் கியர். ஸ்டார்ட்டர் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் (பினியன்) இந்தப் பல்லில் வந்து கோத்துத்தான் இஞ்சினைச் சுற்றிவிடுகிறது. கிளட்ச் மாற்ற கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். பெரும்பாலான கார்களில் ஸ்டார்ட்டரைக் கழற்றாமல், குறைந்தது அதன் போல்ட்டையும் வயரையும் தொடாமல், கியர் பாக்ஸ் இறங்காது. ஆக, ‘நான் தொடவே இல்லை’ என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல முடியாது.

அதென்ன ‘செல்ஃப்’? ஆங்கிலத்தில் செல்ஃப் ஸ்டார்ட்டர். தானே கிளம்புவது. அந்தப் பேரில் ‘ஸ்டார்ட்டர்’ உதிர்ந்து ‘செல்ஃப்’ மட்டும் தமிழில் தங்கிவிட்டது. ‘செல்ஃப் எடுக்குதா?’ என்று கேட்கிற யாருக்கும் இப்போது ஆச்சரியம் கிடையாது. ஆனால் ‘தானே’ என்பது ஒரு காலத்தில் பெரிய விஷயம். அதற்கு முன்னால் கையால் சுற்றினார்கள்.

காரின் முன்னால் குனிந்து, பம்பருக்குக் கீழே ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். இக்னிஷன் நேரம் சரியாக வைக்கப்படாவிட்டால் இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். உதைத்தால் மணிக்கட்டு போகும். இதற்கென்றே எலும்பு மருத்துவத்தில் ஒரு பேர் உண்டு: ‘ஷோஃபர்ஸ் ஃப்ராக்சர்’, அதாவது டிரைவர் முறிவு. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு முனை உடைவது. கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காதே, மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கம் வை, கீழே அமுக்காதே, மேல் நோக்கி இழு... இந்தப் பாடம்தான் அந்தக்கால டிரைவர்களுக்கு முதல் பாடம். நம் பக்கத்து லாரி, பஸ்களில் இந்த வேலை பெரும்பாலும் கிளீனர் பையன் தலையில் விழுந்தது. சம்பளம் குறைந்தவனின் கை!

அமெரிக்காவில் இதுபற்றி ஒரு கதை சொல்வார்கள். பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர், வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காருக்கு ஹேண்டில் போட்டு உதவப்போய், அது திருப்பி அடித்ததில் தாடை உடைந்து, அதன் தொடர்ச்சியாக 1908-ல் இறந்தார். அவருடைய நண்பரான காடிலாக் கம்பெனித் தலைவர் ஹென்றி லீலண்ட் அதற்குப் பிறகுதான் ‘இந்த ஹேண்டிலை ஒழித்தே தீரவேண்டும்’ என்று கிளம்பினார் என்பது கதை. விவரங்களில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஆனால் லீலண்ட் அந்த வேலையை ஒப்படைத்த ஆள் யார் என்பதில் சந்தேகமே கிடையாது: சார்லஸ் கெட்டரிங்.

பி.காம். படிக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். :-) கெட்டரிங் கார்க்காரர் இல்லை. டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் கல்லாப்பெட்டி செய்துகொண்டிருந்தவர். கையால் இயக்கிக்கொண்டிருந்த கேஷ் ரெஜிஸ்டருக்கு மின்சார மோட்டார் வைத்தவர் அவர்தான். அதில் அவர் கற்ற விஷயம் ஒன்று. கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்க ஓடவேண்டியதில்லை. ஒரு விநாடி பலமாக வேலை செய்துவிட்டு ஓய்வெடுக்கலாம். அப்படியென்றால் சின்ன மோட்டாருக்குள் அதன் தகுதிக்கு மீறிய கரண்ட்டைச் செலுத்தலாம், சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். இஞ்சினைச் சுற்ற இஞ்சின் அளவுக்கே மோட்டாரும் பேட்டரியும் வேண்டும் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, இந்தக் கல்லாப்பெட்டிக் கணக்குதான் ஜெயித்தது. 1911-ல் செய்து காட்டினார். 1912 மாடல் காடிலாக்கில் அது விற்பனைக்கே வந்துவிட்டது. 1915-ல் காப்புரிமையும் கிடைத்தது.

அந்த மோட்டாரை இஞ்சினில் எங்கே கோப்பது? பெரிய வட்டத்தின் விளிம்பில் தள்ளினால் குறைந்த பலம் போதும். இஞ்சினில் இருக்கிற பெரிய வட்டம் ஃப்ளைவீல். அதன் முகத்தில் ஏற்கெனவே கிளட்ச் இருந்தது. விளிம்பு காலி. விளிம்பில் பல் முளைத்தது. இரண்டு குடும்பங்களும் ஒரே வீட்டுக்கு வந்தது இப்படித்தான்.

அதே 1911-ல்தான் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் தன் தொழிலைத் தொடங்கினார். வக்கீல் வேலை, ரயில்வே வேலை, பேங்க் வேலை எல்லாம் பார்த்துவிட்டு விட்டவர். 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் விட்டார். பிறகு மதுரைதான் தலைமையிடம் ஆனது. மேலவெளி வீதி டி.வி.எஸ். கட்டடம் மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். டி.வி.எஸ். பஸ் வருகிற நேரத்தைப் பார்த்து ஊர்க்காரர்கள் கடிகாரத்தைத் திருத்துவார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. மாட்டு லாடத்தின் ஆணிகள் டயரைக் குத்துகின்றன என்று காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்டி ஆணி பொறுக்கினார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

கடிகாரம் திருத்துகிற அளவுக்கு பஸ் வரவேண்டுமானால் காலையில் முதல் தடவையே இஞ்சின் எடுக்க வேண்டும். பெருமையெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. ஷெட்டில் ஒரு வண்டி எடுக்காவிட்டால் மேலூரிலோ திருமங்கலத்திலோ நிற்கிற கூட்டத்துக்குக் காரணம் தெரியாது, பஸ் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

இங்கே ஒரு சுவாரசியமான சங்கிலி. கெட்டரிங் தொடங்கிய டெல்கோ கம்பெனி பின்னால் ஜெனரல் மோட்டார்ஸுக்குள் போய்ச் சேர்ந்தது. கெட்டரிங்கே பல வருஷம் அதன் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். அந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளைத் தென்னிந்தியாவில் விற்றவர்கள் டி.வி.எஸ். குழுமத்தார். 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வண்டிகளைக் கோக்கும் தொழிற்சாலையே திறந்தது. ஆக டேட்டன் கல்லாப்பெட்டியில் பிறந்த யோசனை டெட்ராய்ட், பம்பாய் வழியாக வைகைக் கரைக்கு வந்து சேர்ந்தது என்று சொன்னால் ரொம்ப மிகையில்லை.

செல்ஃப் வந்ததும் ஹேண்டில் உடனே போய்விடவில்லை. பேட்டரி இறங்கினால் அதுதான் கதி. அதிலும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஸ்டார்ட் செய்வது மறுபடி ஒரு பெரிய சடங்காகிவிட்டது. பெட்ரோல் ரேஷன். சுந்தரம் ஐயங்கார் கரியில் ஓடும் ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ செய்து வண்டிகளில் பொருத்தினார். இந்த மாதிரிக் கரிவாயு உலையில் முதலில் அடுப்புக்கரியைப் பற்றவைத்து, காற்றடித்துக் கனலவிட்டு, வாயு சரியாக வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் இஞ்சினைச் சுற்ற முடியும். கரிவாயுவுக்குப் பெட்ரோலின் வலு கிடையாது, அதனால் சுலபத்தில் பிடிக்கவும் பிடிக்காது. செல்ஃபை அழுத்திக்கொண்டே இருந்தால் பேட்டரி காலி. கையும் ஹேண்டிலும் கரியுமாகப் பல விடியல்கள் போயிருக்கும்.

சுந்தரம் ஐயங்கார் 1955-ல் காலமானார். 1972-ல் தமிழக அரசு டி.வி.எஸ். பஸ்களை நாட்டுடைமையாக்கி மதுரையில் பாண்டியன் ரோட்வேஸ் கார்ப்பரேஷன் ஏற்படுத்தியது தனிக்கதை. நம் கதைக்கு முக்கியமான வருஷம் 1961. அந்த வருஷம்தான் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியோடு சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கப்பட்டது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் இந்த மண்ணிலேயே உருவாகத் தொடங்கின. (இங்கிலாந்தில் லூகாஸ் மின்சாதனங்களைக் கிண்டல் செய்து ‘இருட்டின் இளவரசன்’ என்பார்கள். நம் ஊரில் அந்த ஜோக் எடுபடவில்லை. லூகாஸ் என்றால் நல்ல சரக்கு என்றுதான் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பேர்.)

அம்பாசடரில் வந்த பழைய வகை ஸ்டார்ட்டரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அதில் பினியனைத் தள்ளிவிடத் தனியாகக் கருவி இல்லை. மோட்டார் சடாரென்று சுற்றத் தொடங்கியதும், திருகு மரை வெட்டிய ஸ்லீவ் மேல் பினியன் தானே ஓடிப்போய் ரிங் கியரில் கோக்கும். இஞ்சின் பிடித்ததும் தானே திரும்பும். வின்சென்ட் பெண்டிக்ஸ் என்பவர் 1910-களில் பிரபலமாக்கிய உத்தி அது. நம் மெக்கானிக்குகள் இன்றும் அந்த உறுப்பை ‘பெண்டிக்ஸ்’ என்றே அழைக்கிறார்கள். அழகான ஏற்பாடுதான். ஆனால் குடியிருக்கும் இடம் கிளட்ச் பக்கத்தில்! கிளட்ச் பிளேட் தேயத்தேய உதிரும் தூசு நேராக இந்த மரையில் வந்து படியும். யாராவது நல்லெண்ணத்தில் அதற்கு எண்ணெய் விட்டால் தூசும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிவிடும். அப்புறம் மோட்டார் ‘விர்ர்’ என்று தனியாகச் சுற்றும், பினியன் நகராது, இஞ்சின் அசையாது. மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து எண்ணெய் விடாமல் மாட்டுவதுதான் சரி. சில சமயம் பினியன் ரிங் கியரில் கோத்துக்கொண்டு திரும்பாமல் இறுகிவிடும். அப்போது இக்னிஷனை அணைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும். நாலு பேர் சேர்ந்து அம்பாசடரை ஆட்டுவதைப் பார்த்த யாருக்கும் இது மறக்காது.

பிற்கால மோட்டார்களில் இந்த ஓட்டம் இல்லை. மேலே உட்கார்ந்திருக்கும் சொலினாய்டு முதலில் பினியனைத் தள்ளிக் கோத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மோட்டாருக்குக் கரண்ட் விடும். மாருதி 800 காலத்திலிருந்து நாம் கேட்கிற அந்த ‘டக்’ இந்தச் சொலினாய்டின் சத்தம்.

இப்போது பழைய சண்டைக்குத் திரும்புவோம். கிளட்ச் மாற்றிய வண்டியில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், அதோடு சரி. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. ஹாரன் கணீரென்று அடிக்கிறது. ‘பேட்டரி நல்லாத்தான் இருக்கு, அப்ப மோட்டார்தான் போச்சு’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். தீர்ப்பு தப்பாவது பெரும்பாலும் இங்கேதான்.

கரண்ட் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வரவேண்டும். கணக்குப் பதிவில் பற்றுக்கு வரவு மாதிரி. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து தடித்த கேபிளில் மோட்டாருக்குப் போகும் கரண்ட், மோட்டாரின் உடம்பு வழியாகக் கியர் பாக்ஸுக்கும் இஞ்சினுக்கும் வந்து, அங்கிருந்து ஒரு எர்த் பட்டை வழியாகத்தான் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் திரும்புகிறது. இஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. பல கார்களில் இந்த எர்த் பட்டை கியர் பாக்ஸ் போல்ட் ஒன்றிலேயே மாட்டப்பட்டிருக்கும். கியர் பாக்ஸை இறக்கும்போது அதைக் கழற்றித்தான் ஆகவேண்டும். திரும்ப ஏற்றும்போது மறந்துவிடுவதும், துருவும் கிரீஸும் சுரண்டாமல் அப்படியே இறுக்குவதும் ரொம்ப சகஜம்.

மோட்டார் சாதாரணப் பெட்ரோல் காரில் சுமார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எர்த் இணைப்பில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தாலே 150-ஐ 0.05-ஆல் பெருக்கினால் 7.5 வோல்ட். 12 வோல்ட்டில் ஏழரை எர்த்திலேயே போய்விடும் கணக்கு! (ஏழரை என்ற எண் சரியாகத்தான் வருகிறது.) மீதியை வைத்துக்கொண்டு மோட்டார் என்ன செய்யும்? ஆனால் ஹாரன் இழுப்பது 5 ஆம்பியர் என்றால், அதே தடை இருந்தாலும் இழப்பு கால் வோல்ட்தான். தவிர, ஹாரனும் லைட்டும் நேராகப் பாடியில் எர்த் ஆகியிருப்பவை, இஞ்சின் எர்த் அவற்றுக்குத் தேவையே இல்லை. அதனால்தான் அவை நல்லபடி வேலை செய்து நம்மை ஏமாற்றுகின்றன.

இதைவிட மோசம், பட்டை சுத்தமாகவே மாட்டப்படாத நிலை. அப்போது கரண்ட் வேறு வழி தேடும். இஞ்சினையும் பாடியையும் தொடுகிற உலோகம் வேறு என்ன இருக்கிறது? கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள். ஸ்டார்ட் செய்யும்போது புத்தம் புதுக் கிளட்ச் கேபிளிலிருந்து புகை வருகிறது என்றால் காரணம் இதுதான். ‘மட்டமான கேபிள்’ என்று மாற்றினால் அடுத்ததும் அதேபோல்தான் கருகும்.

கண்டுபிடிப்பது சுலபம். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஜம்பர் கேபிள் ஒன்றால் பேட்டரி மைனஸையும் இஞ்சின் பிளாக்கின் சுத்தமான ஒரு இடத்தையும் இணைத்து சாவியைத் திருப்பவேண்டும். இஞ்சின் சுற்றினால் மோட்டார் குற்றவாளி இல்லை, எர்த்தான். மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை இஞ்சின் பிளாக்கில். ஸ்டார்ட் செய்யும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாதையில் கோளாறு. எர்த்தில் ஒன்றும் இல்லையென்றால் பேட்டரியையும் விட்டுவிடக்கூடாது. இரண்டு நாள் பட்டறையில் கதவு திறந்தபடி, உள்விளக்கு எரிந்தபடி கிடந்த வண்டியில் பேட்டரி பாதி இறங்கியிருக்கும்.

‘டக்’கூட வரவில்லை என்றால் கதை வேறு. சொலினாய்டுக்கு வரும் மெல்லிய வயரை மாட்டாமல் விட்டிருக்கலாம். சமீப வருஷக் கார்கள் பலவற்றில் கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். பெடலுக்கு மேலே ஒரு சின்ன ஸ்விட்ச். கிளட்ச் வேலைக்குப் பிறகு பெடல் அமைப்பு மாறி அந்த ஸ்விட்ச் அமுங்காமல் போனால் மொத்தமும் மௌனம். கிளட்சுக்கும் செல்ஃபுக்கும் சம்பந்தம் இல்லை என்ற வசனத்தைக் காரே மறுத்துப் பேசுகிற இடம் இது.

கரகரவென்று பல் அரைகிற சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். மோட்டார் நேராக உட்காரவில்லை, அல்லது பழைய பேக்கிங் தகடு ஒன்று பட்டறைத் தரையிலேயே கிடக்கிறது என்று பொருள். தொடர்ந்து அடித்தால் ரிங் கியர் பல் போய்விடும். அதை மாற்ற, இப்போதுதான் ஏற்றிய கியர் பாக்ஸையும் கிளட்சையும் மறுபடி இறக்கவேண்டும். இரட்டைக் கூலி. யார் கொடுப்பது என்பதில்தான் பட்டறைக்கு வெளியே கூட்டம் கூடும். இன்னொன்று: ஸ்டார்ட்டரில் கை வைப்பதற்கு முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட வேண்டும். பெரும்பாலான கார்களில் அந்தத் தடித்த கேபிளுக்கு ஃப்யூஸ் கிடையாது. ஸ்பேனர் பாடியில் பட்டால் நெருப்பு பறக்கும்.

கெட்டரிங்கின் 1912 கருவியில் ஒரே மோட்டார்தான் இஞ்சினைச் சுற்றியது, சுற்றிய பிறகு அதுவே ஜெனரேட்டராக மாறி பேட்டரியைச் சார்ஜ் செய்தது. பின்னால் வந்தவர்கள் அதை ஸ்டார்ட்டர், டைனமோ என்று இரண்டாகப் பிரித்தார்கள். 2015-ல் மாருதி சியாஸில் வந்த ஹைப்ரிட் அமைப்பில் இரண்டும் மறுபடி ஒன்றாகின. சிக்னலில் நின்று அணைந்த இஞ்சினை பெல்ட் வழியாகச் சுற்றிவிடுகிற அந்தக் கருவி ஃப்ளைவீல் பக்கமே வருவதில்லை. ஆனால் காலையில் முதல் தடவை சாவியைத் திருப்பும்போது இஞ்சினை எழுப்புவதற்கு அதிலும் பழைய மோட்டாரையே வைத்திருந்தார்கள், அதே விளிம்பில், கிளட்சுக்குப் பக்கத்திலேயே.